நீலமலைப் புல்வெளி

மலை என்ற சொல்லைக் கேட்டவுடன் சமவெளியில் வாழ்வோர் மனத்தில் எழும் காட்சிகள் இரண்டு. ஒன்று, எங்கள் மாவட்டத்துச் செஞ்சி மலைகளைப் போலப் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு கிடக்கும் காட்சி. மற்றொன்று, வானளாவிய மரங்கள் செறிந்து, பகலிலும் இருள் சூழ்ந்த காட்டின் காட்சி. பாறையும் இன்றி, மரமும் இன்றி, கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில் புல்லே விரிந்து கிடக்கும் மலையை நம்மிற் பலர் திரைப்படங்களில் மட்டுமே கண்டிருப்பர். நீலமலையின் மேல், கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், அத்தகைய புல்வெளி உள்ளது. அதனைக் காண நான் சென்றுவந்த செய்தியையும், அங்கே கண்டும் கேட்டும் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் திருவாமாத்தூர். விழுப்புரத்தை அடுத்துப் பம்பை ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர். தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம். 'ஆ' என்றால் பசு. கொம்பில்லாத பசுக்கள் இவ்வூர் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்றன என்பது தலபுராணம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுவது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கமே. ஆயினும் அது தமக்கே உரிய சிறப்பு என்பது போல எங்கள் ஊரார் நடந்துகொள்வர். அப்படி ஒரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நான் பயணம் புறப்பட்டேன். உதகமண்டலத்தில் தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் நெடுநாளாக என்னை அழைத்துக்கொண்டிருந்தார். "பசுவின் பெயர் பெற்ற ஊரில் இருக்கிறீர்கள், எருமையைத் தெய்வமாகப் போற்றும் மக்களைப் பார்க்க வேண்டாமா?" என்று அவர் எழுதியிருந்தது என்னை இழுத்தது.

விழுப்புரத்தில் புகைவண்டி ஏறி, விருத்தாசலம், சேலம், கோவை வழியாக மேட்டுப்பாளையம் சேர்ந்தேன். அங்கிருந்து மலைமேல் ஏறும் சிறிய புகைவண்டியைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. பாதை குன்னூர் வரையில் 1899-ஆம் ஆண்டிலும், உதகை வரையில் 1908-ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றது. 46 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அவசரக்காரர்கள் பேருந்தில் செல்லலாம்.

மறுநாள் விடியற்காலையில் நண்பர் என்னை எழுப்பினார். "வெயில் ஏறுமுன் போகவேண்டும், பிறகு போனால் பாதிச் செய்தி மறைந்துவிடும்" என்றார். கூடலூர் செல்லும் சாலையில் சென்று, ஒன்பதாவது மைல் என வழங்கும் இடத்தில் இறங்கினோம். அங்குள்ளோர் அதனைச் 'சூட்டிங் மட்டம்' என்கின்றனர். மட்டம் என்பது மலைமேல் உள்ள வெளி. படம் பிடிக்க வருவோர் கூட்டத்தால் முற்பகுதி ஒட்டிக்கொண்டது. நாங்கள் சென்ற வேளையில் படக்குழுவும் இல்லை, சுற்றுலாக் கூட்டமும் இல்லை. சோளக்கதிர் வாட்டும் அம்மையார் ஒருவர் மட்டும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

நான் எதிர்பார்த்தது பச்சைப் புல். கண்டதோ வெள்ளை. பரந்து கிடந்த மேடுகளும் சரிவுகளும் உப்பளம் போல வெளுத்திருந்தன. குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் மீதும் உறைபனி பொடிப் பொடியாகப் படிந்திருந்தது. கிழக்கே ஞாயிறு எழுந்தது. ஒளி பட்ட மேட்டில் வெண்மை கரைந்து, அடியில் இருந்த பொன்னிறப் புல் வெளிப்பட்டது. ஒளி படாத சரிவு இன்னும் வெள்ளையாகவே நின்றது. வெள்ளையும் பொன்னும் கலந்த அவ்வெளி, மடித்து மடித்துப் போட்ட பட்டைப் போலத் தொடுவானம் வரையில் சென்றது. மேடுகளுக்கு இடையே உள்ள மடிப்புகளில் மட்டும் கரும்பச்சை நிறத்தில் மரக்கூட்டங்கள் குடைகள் போலச் செறிந்திருந்தன. அவற்றைச் 'சோலை' என்பர். நாம் பூங்காவிற்கும் தோப்பிற்கும் வழங்கும் இச்சொல்லை அறிவியலார் அப்படியே எடுத்துக்கொண்டு, உலகெங்கும் இவ்வகைக் காட்டிற்குப் பெயராக வழங்குகின்றனர்.

"எல்லையைப் பாருங்கள்" என்றார் நண்பர். உண்மையாகவே அது பார்க்கவேண்டிய எல்லை. வயலுக்கு வரப்பு இட்டாற்போலச் சோலை ஓரிடத்தில் முடிகிறது. அடுத்த அடியிலே புல் தொடங்குகிறது. மரம் சிறுகச் சிறுகக் குறைந்து புதராகிப் பின் புல்லாவது என்பது அங்கே காணப்படவில்லை.

"யாரேனும் வெட்டித் திருத்தினார்களோ?" என்று கேட்டேன்.

"வெள்ளையர் வந்த காலம் முதல் அப்படித்தான் பலர் எண்ணினர். காட்டை அழித்துத் தோடர்கள் மேய்ச்சல் நிலம் ஆக்கினர் என்றும் எழுதினர். இப்பனியைக் கேட்டால் விடை கிடைக்கும்" என்றார் அவர்.

அவர் விளக்கியது இது. சோலை மரங்களின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், தை மாதத்து உறைபனி அம்முளையைக் கருக்கிவிடுகிறது. சோலைக்குள் மரக்கூட்டத்தின் கவிகை இருப்பதால் பனி உட்புகுவதில்லை. அங்கே விழுந்த விதை பிழைக்கிறது. ஆகவே மரம் மடிப்பை விட்டு வெளியே வருவதில்லை. புல்லோ உறைபனிக்கு அஞ்சுவதில்லை. மேலே கருகினாலும் வேர் உயிரோடு இருக்கும். புல்வெளியில் துணிந்து நிற்கும் மரம் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. முறுக்கேறிய தண்டும் தடித்த பட்டையும் உடைய அதனைக் காட்டுப் பூவரசு என்றும், ரோடோடென்ட்ரான் என்றும் கூறுகின்றனர். அதன் இனத்தார் இமயமலையில் வாழ்கின்றனர். அம்மரத்தில் செந்நிறப் பூங்கொத்துகள் இரண்டு மூன்று அப்போதே மலர்ந்திருந்தன.

புல்வெளியின் வயதைப் பற்றியும் சான்று உண்டு. மேடுகளுக்கு இடையே சில பள்ளங்களில் நீர் ஊறிய சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. அவற்றில் இறந்த செடி கொடிகள் முற்றும் மக்காமல், ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கரிய மண்ணாகின்றன. இந்திய அறிவியலார் நீலமலையில் அத்தகைய மண்ணை ஆழத்திலிருந்து அடுக்கு அடுக்காக எடுத்து ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மரத்தின் எச்சத்திலும் வெப்ப நாட்டுப் புல்லின் எச்சத்திலும் கரி அணுக்களின் விகிதம் வேறுபடும்; அதைக் கொண்டு எக்காலத்தில் எது மிகுந்திருந்தது என்று கணக்கிடலாம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே புல் செழித்திருந்தது என்பதை அச்சதுப்பு மண் காட்டிற்று. எருமை மேய்ப்பவரும் உழவரும் இம்மலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே புல் இங்குக் குடியேறிவிட்டது.

வெயில் ஏறியபின் நடந்தோம். மெத்தென்று கால் அமிழும் தரை. அருகில் பார்த்தால் ஒரே புல் அன்று. பலவகைப் புல், இடையிடையே சிறு பூச்செடிகள், தரையோடு படிந்த குறிஞ்சிப் புதர்கள். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018-ஆம் ஆண்டில் அது பூத்தபோது சரிவுகள் நீலமாயின. அடுத்து எப்போது பூக்கும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். சிறு குருவி ஒன்று எங்கள் காலடியிலிருந்து எழுந்து பத்தடி தள்ளி மறுபடியும் புல்லுக்குள் இறங்கியது. அது நெட்டைக்காலி, தென்னிந்தியாவின் உயர்ந்த மலைப் புல்வெளிகளில் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. மேற்கே தொலைவில் முக்கூர்த்திச் சிகரம், சாய்ந்த மூக்குப்போலத் தெரிந்தது. அதன் உயரம் 2,554 மீட்டர். அதனைச் சூழ்ந்த புல்வெளி 1990-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வழங்கும் வரையாடு அங்கே வாழ்கிறது. அதுவே நம் மாநில விலங்கு. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தபோது இருந்தவை 1,031. நாங்கள் அதைக் காணவில்லை. பூங்காவிற்குள் செல்ல எங்களுக்கு இசைவும் இல்லை.

ஓரிடத்தில் நின்று கேட்டபோது காலின்கீழ் நீர் ஓடும் ஓசை கேட்டது. புல்லை விலக்கினால் ஒரு சாண் அகலத்தில் தெளிந்த ஓடை! மழை பெய்து சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் பம்பையாற்றில் அப்போதே மணல் தெரியத் தொடங்கியிருந்தது. இந்தச் சாண் ஓடையோ ஓயாமல் ஓடியது. பெய்யும் மழையைப் புல்லின் அடர்ந்த வேர்கள் மண்ணுக்குள் இறக்குகின்றன. பள்ளத்துச் சதுப்பு அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஊறவைத்த துணி சொட்டுவதுபோலக் கோடையிலும் சிறிது சிறிதாக விடுகிறது. இத்தகைய ஓடைகள் கூடிப் பைக்காரா ஆகின்றது. பைக்காரா மோயாறாகிப் பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. பைக்காராவில் 1932-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். புல் பிடித்துவைத்த நீரால் விளக்கு எரிகிறது. ஈரோட்டுப் பக்கத்து வயல் விளைகிறது.

நண்பகலில் ஒரு தோடர் மந்தை அடைந்தோம். தோடர் வாழும் குடியிருப்பிற்கு 'மந்து' என்று பெயர். மாடுகளின் கூட்டத்தை நாம் 'மந்தை' என்கிறோம் அல்லவா? அச்சொல்லோடு இது உறவுடையது என்பர். உதகமண்டலம் என்னும் பெயரிலும் மந்து மறைந்திருக்கிறது. ஐந்தாறு வீடுகள், பெரும்பாலானவை இப்போது ஓட்டு வீடுகளும் காரை வீடுகளும் ஆகிவிட்டன. ஒன்று மட்டும் பழைய முறையில் நின்றது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே புல் வேய்ந்து, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. வாயில் மூன்றடி உயரமும் இல்லை, தவழ்ந்துதான் நுழையவேண்டும். குளிரும் கொடிய விலங்கும் நுழையாமல் காக்க அமைத்த வாயில் அது. சற்றுத் தள்ளி, கற்சுவர் சூழ்ந்து, அதே வடிவில் கோயில் ஒன்று இருந்தது. நாங்கள் சுவருக்கு வெளியே நின்றோம்; அயலார் உள்ளே செல்லலாகாது.

அக்கோயில் என்பது பால்மனை. உரிய நோன்பு ஏற்ற பூசாரி ஒருவர் அங்கே தங்கி, புனித எருமைகளின் பாலைக் கறந்து, கடைந்து வெண்ணெய் எடுப்பார். அச்செயலே வழிபாடு. விளக்கும் மணியும் மந்திரமும் உண்டு. ஆயினும் எல்லாம் பாலைச் சுற்றியே அமைந்தவை. தோடர் புலால் உண்ணாதவர். ஆகவே எருமை அவர்க்குப் பாலின் பொருட்டே. ஓன் என்னும் தெய்வம் நிலத்தினின்றும் 1,600 எருமைகளை வெளிக்கொணர்ந்ததாகவும், கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு ஒரு மனிதன் வெளிவந்ததாகவும், அவனே முதல் தோடன் என்றும் அவர்கள் கதை கூறுகிறது. ஆங்கில அறிஞர் ரிவர்ஸ் என்பவர் இம்மக்களோடு பழகி எழுதி, 1906-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இக்கதை இடம்பெற்றுள்ளது. பின்னர் 1935-ஆம் ஆண்டு முதல் எமனோ என்னும் மொழியறிஞர் இங்குத் தங்கி, திராவிட மொழிகளுள் ஒன்றாகிய தோட மொழியைக் கற்று, அவர்தம் பாடல்களைத் தொகுத்தார். எருமைக்குப் பெயர், அதன் தாய்க்குப் பெயர், அது மேயும் சரிவுக்குப் பெயர், அச்சரிவின் ஓடைக்குப் பெயர் என்று பெயர்களாலேயே நிறைந்தவை அப்பாடல்கள். இவ்வளவுக்கும் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தோடர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே.

மலை குறிஞ்சி, காடு முல்லை என்று நாம் படிக்கிறோம். இங்கே குறிஞ்சியின் உச்சியில் ஆயர் வாழ்வு நடக்கிறது. திணைமயக்கம் என்று இலக்கண ஆசிரியர் கூறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பறையில் பெற்றதில்லை.

எருமைகள் மேட்டின்மேல் மேய்ந்துகொண்டிருந்தன. நம் ஊர் எருமைக்கும் அவற்றிற்கும் நிறைய வேற்றுமை. உடல் திரண்டு, மயிர் அடர்ந்து, பிறைபோல் அகன்று வளைந்த கொம்புகளுடன் அவை நிமிர்ந்து நோக்கியபோது, ஆமாத்தூர்ப் பசுக்கள் வேண்டிப் பெற்ற கொம்புகள் சிறியவை என்றே தோன்றியது. மந்தின் பெரியவர் ஒருவர், சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வையோடு வெயிலில் அமர்ந்திருந்தார். நண்பரை அவர் முன்பே அறிவார். நான் வணங்கி, "ஐயா, எத்தனை எருமை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"என் பாட்டனாருக்கு எவ்வளவு என்று எண்ணத் தெரியாது, அவ்வளவு இருந்தன. இப்போது எனக்கு எண்ணத் தெரியும், தம்பி. ஒன்பது" என்றார்.

"ஏன் குறைந்தன?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். மந்துக்கு எதிரே இருந்த சரிவு முழுவதும் மரம். ஒரே உயரம், ஒரே நிறம், நெருக்கமாக நின்றன. அதன்கீழ்ப் புல் இல்லை. உதிர்ந்த இலைக்குப்பையே இருந்தது. "அது எங்கள் எருமைகள் மேய்ந்த இடம். என் சிறு வயதில் நட்டார்கள். எருமை மரத்தையா தின்னும்?" என்றார்.

அம்மரம் வந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நீலமலையும் தோடரும் நமக்குப் புதியவர் அல்லர். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தோடரைக் குறிப்பிடுகிறது. 1603-ஆம் ஆண்டில் கிறித்தவத் துறவி ஒருவர் மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்து அவர்களைக் கண்டார். ஆயினும் 1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின்னரே பெருமாற்றம் தொடங்கியது. உதகையின் முதல் ஐரோப்பிய வீடு அவர் கட்டியதே. மக்கள் அதனைக் 'கல் பங்களா' என்றனர். ஏரியும் அவர் அமைத்ததே. உருளைக்கிழங்கு முதலிய பயிர்களையும் அவர் ஊக்கினார். அவரைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்நிலத்திற்குத் தோடரே உரிமையாளர், எடுத்துக்கொண்டால் அவர்க்கு ஈடு தரவேண்டும் என்று அவர் மேலிடத்தோடு வாதாடினார். அவருடைய கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை.

குடியேற்றம் பெருகியது, அடுப்பெரிக்கவும் குளிர்காயவும் விறகு தேவையாயிற்று, சோலைகளை வெட்டினர். சோலை மரம் மெல்ல வளர்வது. ஆகவே விரைந்து வளரும் மரங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்தனர். ஒன்று, தைலம் எடுக்கும் கற்பூர மரம். மற்றொன்று வாட்டில், இங்குள்ளோர் அதனைச் சீகை என்கின்றனர். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வந்துவிட்டன. அப்போதும் பரந்த புல்வெளி எஞ்சியிருந்தது. 1891 முதல் 1896 வரையில் சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை அதற்கு இட்டனர். வெள்ளையர் குதிரையேறி, வேட்டை நாய்களோடு நரியைத் துரத்தி விளையாடிய களம் அது. தோடர் ஒவ்வொரு சரிவுக்கும் வைத்திருந்த பெயர்கள் நிலப்படத்தில் ஏறவில்லை. ஐந்தாண்டு இருந்தவரின் பெயர் ஏறியது.

நாடு விடுதலை பெற்றபின் மரம் நடும் பணி குறையவில்லை; மிகுந்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும். செயற்கைப் பட்டு இழைக்கு மரக்கூழ் வேண்டும். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் புல்வெளிகளை உழுது வரிசை வரிசையாகக் கன்று நட்டனர். நட்டவர் தீயவர் அல்லர். தொழில் வளரவேண்டும், ஏழைக்கு விறகு கிடைக்கவேண்டும், சோலை பிழைக்கவேண்டும் என்று எண்ணினர். அவ்வாறு கிடைக்கவும் செய்தது. ஆனால் அவர்கள் கையில் இருந்த கணக்கேட்டில் புல்வெளி பயனற்ற நிலம் என்று பதிவாகியிருந்தது. மரம் இல்லாத இடம் வெற்றிடம் என்பது அவ்வேட்டின் நினைப்பு.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பக்கத்து ஊர்க் கணக்கு நினைவுக்கு வந்தது. அங்கே 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை உண்டு. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று விட்ட நிலம். புறம்போக்கு என்ற பின்பகுதியைப் படிப்போர் மிகுதி; மேய்க்கால் என்ற முன்பகுதியைப் படிப்போர் குறைவு. ஒன்றும் இல்லாத இடம்தானே என்று அதில் கட்டடம் எழும்புகிறது, மனை பிரிகிறது. பின்பு மாடுகள் சாலையில் நிற்கின்றன என்று நாமே குறைப்படுகிறோம்.

பயனற்ற நிலம் என்ற அக்கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சோதித்தும் பார்த்தார்கள். நீலமலையில் கிளென்மார்கன் என்னும் இடத்தில், மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1968-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வெளிவரும் நீரைப் பல ஆண்டுகள் அளந்தனர். முதற் பத்தாண்டிலேயே மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரம் மழை தரும், நீர் தரும் என்று பள்ளியில் கற்கிறோம். அதில் பிழையில்லை, ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். சோலை மரம் மடிப்பில் நின்று நீரைக் காக்கிறது. வேற்று நாட்டிலிருந்து வந்த மரம் புல்வெளியில் நின்று அதே நீரைக் குடிக்கிறது.

சீகை நட்ட இடத்தோடு நிற்பதும் இல்லை. அது குளிர் நாட்டிலிருந்து வந்தது, உறைபனிக்கு அஞ்சாது. சோலை மரத்தை இருபதாயிரம் ஆண்டுகளாக எல்லைக்குள் நிறுத்திய பனியால் இதை நிறுத்த முடியவில்லை. விதை மண்ணில் பல்லாண்டு உறங்கி, இடம் கிடைத்தவுடன் முளைக்கிறது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் கண்டனர். மறைந்த இடத்தில் இருப்பவை பெரும்பாலும் இம்மரத் தோட்டங்களும் வேளாண்மையும்.

மந்துப் பெரியவரிடம் மேலும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மேய்ச்சல் குறைந்ததைவிட அவரை வருத்திய செய்தி மற்றொன்று. கோயிலுக்கு எல்லாப் புல்லும் வேயலாகாது. சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் புல்தான் வேண்டும். சதுப்புகள் சில காய்கறித் தோட்டம் ஆகிவிட்டன. சில சீகையால் வற்றிவிட்டன. "முன்பெல்லாம் காலையில் சென்று உச்சிவேளைக்குள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்துவிடுவோம். போன முறை வேய்ந்தபோது ஐந்து இடம் அலைந்தோம். மூங்கிலும் பிரம்பும் தொலைவிலிருந்து வந்தாலும் தெய்வம் ஏற்கும். புல்லுக்கு மாற்று இல்லை" என்றார். சிறிது பொறுத்து அவரே சொன்னார்: "நாங்கள் கோடை தொடங்குமுன் புல்லில் சிறிது சிறிதாகத் தீ வைப்போம். கிழட்டுப் புல் போய் இளம்புல் வரும். அது தவறு என்று தடுத்துவிட்டார்கள். இப்போது காய்ந்த சருகு ஆளுயரம் கிடக்கிறது. ஒரு நாள் தானாகப் பற்றினால் யார் அணைப்பது?"

இதனை நண்பரிடம் பின்னர்க் கேட்டேன். தீயைப் பற்றி அறிவியலாரிடையே இரு கருத்து உண்டு என்றார். பெரியவர் கூற்றை நான் தள்ளிவிட மாட்டேன். இம்மலையில் தலைமுறை தலைமுறையாகப் புல்லைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

மாலையில் திரும்பும் வழியில், புல்வெளியை மீட்க முயலும் இடம் ஒன்றைக் காணச் சென்றோம். வேற்று நாட்டுச் செடி மரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டது. அதற்கு முன்னரும் பின்னரும் வனத்துறையும் தன்னார்வலர் சிலரும் ஆங்காங்கே இப்பணியைச் செய்துவருகின்றனர். நாங்கள் கண்ட சரிவில் சீகையை வெட்டி அகற்றியிருந்தனர். தரை காயம் பட்டாற்போல் வெறுமையாக இருந்தது. மகளிர் சிலர் நாற்றங்காலில் வளர்த்த மலைப்புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, சாண் இடைவெளியில் ஊன்றிக்கொண்டிருந்தனர். குனிந்து நடும் அவர்கள் முதுகைப் பார்த்தால் எங்கள் ஊர் நடவு வயல்தான். நெல்லுக்கு மாறாகப் புல், சேற்றுக்கு மாறாகக் கரிய மண், அவ்வளவே. உழவர் களையென்று பிடுங்கி எறியும் இனத்தை இங்கே கூலி கொடுத்து நடுகிறார்கள் என்று நான் சொன்னபோது ஓர் அம்மையார் சிரித்தார்.

"இது பிடித்துக்கொள்ளுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"பிடித்துக்கொள்ளும், ஐயா. மூன்று ஆண்டுக்கு முன் நட்டதைப் பாருங்கள்" என்று பக்கத்துச் சரிவைக் காட்டினார். அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது. முன்பு வறண்டு கிடந்த பள்ளத்தில் ஈரம் கசிந்திருந்தது. ஆனால் புல்லினிடையே விரல் அளவில் மெல்லிய இலைகளோடு பசுங்கன்றுகள் நூற்றுக்கணக்கில் தலைநீட்டியிருந்தன. சீகைதான்.

"விதை மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்ததும் வந்து பிடுங்குகிறோம், மறுபடியும் முளைக்கிறது, மறுபடியும் பிடுங்குகிறோம். ஒவ்வோர் ஆண்டும் சிறிது குறைகிறது" என்று கூறிவிட்டு, அவர் குனிந்து அடுத்த குழியில் புல்லை ஊன்றினார். நண்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சரிவில் இறங்கி, கன்றுகளை வேரோடு பிடுங்கத் தொடங்கினார். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நானும் இறங்கினேன்.